பயிற்சி வெடிக்கு வந்த ஆர்டர்

எல்லையில் படைகளைக் குவித்து வைத்திருந்த அந்த வருஷம், சூலக்கரையில் தொழில் வளர்ச்சியைக் கவனிக்கும் அலுவலகம் ஒன்றில் இருந்தேன். நாட்டின் பணமெல்லாம் பாதுகாப்புக்குப் போகிறது என்று பத்திரிகைகள் எழுதின. எந்த ஊருக்குப் போகிறது என்று எழுதவில்லை. ஏற்கெனவே பெரிய ஆலைகள் இருந்த நாலைந்து நகரங்களுக்குப் போயிற்று. எங்கள் மாவட்டத்துக்கு வந்தது, சிக்கனத்தை வலியுறுத்தும் சுற்றறிக்கை.

எம். புதுப்பட்டியில் பட்டாசு ஆலை வைத்திருந்த ஒரு முதலாளி அப்போது என்னைத் தேடி வந்தார். சிப்பாய்கள் பயிற்சியில் எறிகிற வெடிக்கு ராணுவம் டெண்டர் விட்டிருந்தது. அது கிடைத்தால் தீபாவளிக்குப் பிறகும் ஆலை ஓடும். இல்லாவிட்டால் மருந்து அடைக்கிற ஆட்கள் திருப்பூர் பனியன் கம்பெனிக்கு பஸ் ஏறிவிடுவார்கள். அடுத்த சீசனுக்குத் திரும்பவும் மாட்டார்கள்.

விதிகளைப் படித்துச் சொன்னேன். "ராணுவத்துக்கு ஏற்கெனவே சப்ளை பண்ணியிருக்கணும் அண்ணாச்சி."

"அப்ப மொதமொதல்ல குடுத்தவன் எப்படி சார் குடுத்தான்?"

"அவுக முந்துன சண்டையிலயே குடுத்துட்டாக."

"அப்ப நான் அடுத்த சண்டைக்கு விண்ணப்பம் போடணுமாக்கும்!"

சிறுதொழிலுக்குச் சலுகை தரும் துணைவிதி ஒன்று, யாரும் படித்துவிடாத இடத்தில் இருந்தது. அதைக் காட்டி மாதிரி அனுப்ப வைத்தேன்.

நிராகரித்துவிட்டார்கள். வெடித்ததில் குறையில்லை. ஆனால் வெடியின் மேல், மினுங்கும் சிவப்புத் தாளில், ராணுவத் தொப்பி போட்ட குழந்தை ஒன்று சிரித்துக்கொண்டிருந்ததாம். புதரில் பதுங்கும் சிப்பாய்க்கு அது ஆகாது.

"லேபிள் ஒட்டாம எப்படி சார் சரக்கை வெளிய அனுப்புறது?" முதலாளி உண்மையாகவே அதிர்ந்துபோனார். "அந்தத் தொப்பியத் தனியாச் சொல்லி வரைய வச்சேன்!"

ஆர்டர் வழக்கம்போல வடக்கே ஒரு பெருநகரக் கம்பெனிக்குப் போனது. மாதிரிகளைப் பிரித்தபோது உடனிருந்த அந்தக் கம்பெனிக்காரர்கள், எங்கள் ஊர்க் காகிதக் குழலின் நேர்த்தியைக் கவனித்துவிட்டார்கள். வெறும் குழல் மட்டும் வேண்டும், படம் வேண்டாம் என்று எழுதினார்கள். மருந்தையும் லாபத்தையும் அங்கே சேர்த்துக்கொள்வார்கள்.

தீபாவளிக்குப் பின் ஆலைக்குப் போனேன். மருந்து அடைக்கும் அறைகள் பூட்டிக் கிடந்தன. பெண்கள் மட்டும் பழைய கூலிக்குக் குழல் சுருட்டிக்கொண்டிருந்தார்கள்.

"சண்டை முடிஞ்சிருமா சார்?" என்றாள் ஒருத்தி, கை நிற்காமல்.

"பேசித் தீர்த்துக்கிடச் சொல்றாக தாயி."

"அம்மன் கோயில் பங்குனிப் பொங்கல் கழிச்சுப் பேசச் சொல்லுங்க சார். மருந்து அடைச்ச எங்க வீட்டுக்காரரு திருப்பூருக்குப் போயிட்டாரு. இங்கன ஓடுறது இது ஒண்ணுதான்."