ஒரு ‘ஆமா’ வழக்கு

எங்கள் வீட்டில் சாப்பிடும்போது யாரும் கோர்ட்டு என்ற வார்த்தையைச் சொல்லக் கூடாது. சொன்னால் அப்பா பாதிச் சோற்றில் எழுந்து கையைக் கழுவிவிடுவார். எல்லாம் தாத்தாவால் வந்த வினை. ஆறுமுகநேரியில் தாத்தாவுக்கு ஓர் உப்பளம் இருந்தது. அதன் வரப்பு எங்கே முடிகிறது என்று பக்கத்து உப்பளக்காரரோடு தகராறு வந்து, தகராறு வழக்காகி, வழக்கு வாய்தா வாய்தாவாக நீண்டு, கடைசியில் தாத்தா கூண்டில் ஏறிய அன்றைக்கு வாய் தவறி ஏதோ சொல்லிவிட்டார். “நான் அந்த அர்த்தத்துல சொல்லல” என்று பிறகு எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. உப்பளம் போயிற்று.

தாத்தா இறந்தபோது அப்பாவும் ஆறுமுகநேரிப் பெரியப்பாவும் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, இனி நம் குடும்பத்தில் ஒரு பிள்ளையும் கோர்ட்டு வாசலை மிதிக்காது என்று எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிட்டார்கள். பெரியப்பா அப்பாவுக்கு அண்ணன். அவர் முன்னால் ஒன்றைச் சொல்லிவிட்டு மாற்றிப் பேசுவது என்பது எங்கள் வீட்டில் நடக்காத காரியம். உலகத்தில் எது கெட்டாலும் சொன்ன சொல் கெடக் கூடாது என்பது அவர் கட்சி.

இப்படிப்பட்ட குடும்பத்தில் பிறந்து, பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண்ணும் வாங்கிக்கொண்டு வந்து, “நான் வக்கீலுக்குப் படிக்கப் போறேன்” என்றாள் என் அக்கா. அதையும் சாப்பிடும்போது சொன்னாள். அப்பா கையைக் கழுவப் போனார்.

நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. அப்பா தூத்துக்குடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியார். கோவிலில் போதகர் பிரசங்கத்தில் “ஒரு ஆடு காணாமல் போனது” என்றால், அப்பா பெஞ்சில் இருந்தபடியே “ஓர் ஆடு” என்று முணுமுணுப்பார். ஆடு கிடைத்ததா இல்லையா என்பது அவருக்கு அப்புறம்தான். அப்படிப்பட்டவர் அக்காவிடம் ஒரே ஒரு சொல்லைத்தான் சொன்னார். “மாட்டேன்.” பி.எஸ்ஸி. படி, பி.எட். படி, என்னைப் போல வாத்தியாராகு, சந்தோஷமாகச் சேர்த்துவிடுகிறேன். வக்கீலுக்குப் படிக்க வைக்க மாட்டேன். அக்கா சாப்பிட மாட்டேன் என்று தட்டைத் தள்ளினாள். அம்மா சாளை மீன் பொரித்ததும் அந்தத் தட்டு மட்டும் எப்படியோ காலியானது. மற்றபடி வீடு துக்க வீடு போலத்தான் இருந்தது. அக்கா அழும்போது சத்தம் வராது. அது எனக்குத் தாங்கவே தாங்காது.

அந்த நேரம் பார்த்து அமெரிக்காவிலிருந்து பெரியம்மா வந்தார்.

பெரியம்மா என்றால் அம்மாவின் அக்கா. அங்கே பெரிய வக்கீல், சட்டக் கல்லூரியில் பாடமும் நடத்துகிறவர் என்று எங்களுக்குத் தெரியும். கோட்டு சூட்டு போட்டு, நுனி நாக்கில் தமிழ் பேசிக்கொண்டு இறங்குவார் என்று தெருப் பிள்ளைகளிடம் சொல்லி வைத்திருந்தேன். அவரோ கைத்தறிச் சேலையில் இறங்கி, “ஏளா, இம்புட்டு ஒல்லியா இருக்க, ஒங்கம்ம சோறு போடுதாளா இல்லியா?” என்று என்னைக் கேட்டார். பிறந்த ஊரான நாசரேத்தை விட்டுப் போன நாளில் எந்தத் தமிழோடு போனாரோ அதே தமிழ். எங்களுக்கே மறந்துபோன சொற்களை அவர் அமெரிக்காவில் உப்புப் போட்டு ஊற வைத்திருந்தார்.

வந்த அன்றைக்கே சாப்பாட்டு மேசையில் கோர்ட்டுக் கதையை எடுத்துவிட்டார். அப்பா எழுந்திருக்கவில்லை. அமெரிக்கக் கோர்ட்டு வேறு ஜாதி என்று நினைத்தாரோ என்னவோ.

பெரியம்மா முதலில் நர்ஸாகத்தான் போனாராம். அங்கே ஒரு நோயாளியின் வழக்கில் சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள். எதிர்த்தரப்பு வக்கீல், “நீங்கள் அன்றைக்கு மருந்து கொடுக்க மறக்கவில்லையா?” என்று இங்கிலீஷில் கேட்டான். பெரியம்மா மறக்கவில்லை. ஆகவே நம்மூர்ப் பழக்கத்தில், ஆமா, மறக்கவில்லை என்ற அர்த்தத்தில் “யெஸ்” என்றார். அங்கேயோ அதற்கு ‘ஆமாம், மறந்துவிட்டேன்’ என்று அர்த்தமாம்.

“கோர்ட்டே ‘ஆ’ன்னுட்டு. எனக்கு எதுக்குன்னே வெளங்கல. ஒரு ஆமாவுல எஞ் சோலி முடிஞ்சிருக்கும், பாத்துக்கிடுங்க” என்றார் பெரியம்மா. அதைச் சரிக்கட்டுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டதாம். அன்றைக்கே, இனி பதில் சொல்லுகிற பக்கம் நிற்கக் கூடாது, கேள்வி கேட்கிற பக்கம் போய்விட வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறார். பகலில் ஆஸ்பத்திரி, சாயங்காலம் சட்டக் கல்லூரி. வக்கீலான பிறகு, ஆஸ்பத்திரிகளில் பாதிக்கப்பட்டவர்களுக்காகவே வாதாடினார். கொஞ்சம் பேரெடுத்ததும் தான் படித்த கல்லூரியே பாடம் நடத்தக் கூப்பிட்டது. “என்ன பாடம் பெரியம்மா?” என்று அக்கா கேட்டாள். “வேற என்ன? கூண்டுல ஏறுதவுக வாய் தவறாம எப்படிப் பாத்துக்கிடுததுன்னுதான்” என்றார். அக்காவின் கண்ணைப் பார்த்தேன். வாசல் லைட்டைப் போட்டது போல இருந்தது. அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை கோவில் முடிந்து பெரியப்பா வந்தார். விஷயம் அவர் காதுக்குப் போய்விட்டது. தம்பி மனம் மாறிவிடக் கூடாதே என்று காவலுக்கு வந்தாரென்றுதான் சொல்ல வேண்டும். வந்தவர் கையோடு மக்ரூன் பொட்டலம் வாங்கி வந்திருந்தார், அது வேறு. பெரியம்மா அவரை உட்கார வைத்து, “அண்ணாச்சி, இத இங்கனயே ஒரு கேசா நடத்திப் பாத்துருவமா? நீங்கதான் ஜட்ஜு. நீங்க சொல்லுததுக்கு எல்லாரும் கட்டுப்படணும்” என்றார். கோர்ட்டை ஜென்ம விரோதியாக நினைத்தவர் பெரியப்பா. ஆனால் ஜட்ஜு என்றதும் வேட்டியைச் சரிசெய்துகொண்டு பிரம்பு நாற்காலிக்கு மாறினார். ஆளை யாரால்தான் குறை சொல்ல முடியும்?

இரண்டு நாற்காலிகளை முதுகு காட்டித் திருப்பிப் போட்டோம். அதுதான் கூண்டு. வேதப்புத்தகத்தை நீட்டிச் சத்தியம் வாங்குகிற வேலை எனக்கு. திரேஸ்புரத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வாடிக்கையாக மீன் கொண்டுவரும் அக்கா அந்த நேரம் வாசலில் வந்து நிற்க, “நீயும் உள்ள வா. எங்க ஊருல கேசு கேக்கதுக்குப் பொதுசனம் வேணும்” என்று அவரையும் உட்கார வைத்தார் பெரியம்மா. அவர் மீன் சட்டியை ஓரமாக வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

அதற்குள் அம்மா அப்பாவை அடுக்களைக்குள் இழுத்து, “எங்கக்கா பொல்லாதவ. மாட்டியளான்னு கேட்டா மாட்டேன்னு சொல்லுங்க. ஆமான்னு மட்டும் சொல்லிராதிய. அவ ஊருல அதுக்கு வேற அர்த்தம்” என்று எச்சரித்தாள். “எனக்கே தமிழ் சொல்லித் தாரியா?” என்று அப்பா சிரித்துவிட்டுக் கூண்டில் ஏறினார்.

பெரியம்மா எழுந்து நின்றதும் வேறு ஆளாகிவிட்டார். குரல் உயரவே இல்லை.

“வாத்தியாரே, ஒங்க மூத்த மக பொய் பேசுவாளா?”

“பேச மாட்டா.”

“கண்ணு முன்னால ஒரு அநியாயம் நடந்தா சும்மா இருப்பாளா?”

“இருக்க மாட்டா. எங்கிட்டயே இருக்க மாட்டேங்கா.”

மீன்கார அக்கா சிரித்தார். ஜட்ஜு முறைத்தார்.

“பெறகு ஏன் வேண்டாங்கிய?”

அப்பா கொஞ்ச நேரம் நாற்காலி முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். “மதினி, எங்கப்பா கட்டுக் கட்டாக் காயிதத்தத் தூக்கிட்டு பஸ்ஸுல போய்ட்டு வருவாவ. ஒரு நாளாவது சிரிச்ச முகத்தோட வந்து நான் பாக்கல. அந்த எடத்துக்கு எம் பிள்ளைய அனுப்ப எனக்கு மனசு வரல.”

துறைமுகம் போகிற லாரி ஒன்று தெருமுனையில் திரும்பும் சத்தம் கேட்டது. பெரியம்மா ஒரு தம்ளர் தண்ணீரை அப்பாவிடம் கொடுத்துவிட்டு, அவர் குடித்து முடிக்கும் வரை காத்திருந்தார்.

“அன்னைக்குக் கூண்டுல ஏறுததுக்கு முன்னால, ஒங்க அப்பாகிட்ட யாராவது ஒக்காந்து, இப்படிக் கேப்பாவ, பாத்துப் பதில் சொல்லுங்கன்னு சொல்லிக் குடுத்தாவளா?”

“இல்ல. யாரும் சொல்லல.”

“சொல்லிக் குடுக்க ஒரு ஆளு இருந்திருந்தா?”

பெரியப்பா முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

“சரி, கடைசிக் கேள்வி” என்றார் பெரியம்மா. “ஒங்க மகள வக்கீலுக்குப் படிக்க வைக்க மாட்டியளா?”

அடுக்களை வாசலில் அம்மா வேகமாகத் தலையை ஆட்டினாள். அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த அக்காவைப் பார்த்தார். கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார்.

“ஆமா” என்றார்.

அம்மா தலையில் கையை வைத்தாள். பெரியம்மா ஜட்ஜு பக்கம் திரும்பி, “எழுதிக்கிடுங்க அண்ணாச்சி. படிக்க வைக்க மாட்டியளான்னு கேட்டேன், ஆமான்னுட்டாரு. வைப்பேன்னு ஒத்துக்கிட்டாரு” என்றார்.

முதலில் வெகுண்டு எழுந்தவர் மீன்கார அக்காதான். “இது எந்த ஊரு நியாயம்? ‘ரெண்டு சாளை கூடப் போட மாட்டியா’ன்னு தெனமும் கேக்காவ. நானும் ஆமாங்கேன். போடவா செய்தேன்?”

“அது தெரு. இது கோர்ட்டு. கேட்டது நானு. எங்க கோர்ட்டுல ஆமான்னா வைப்பேன்னுதான் அர்த்தம்.”

“வாத்தியாரு பாவம், தமிழ்ல சொன்னாரு!”

எல்லோரும் பெரியப்பாவைப் பார்த்தோம். பெரியப்பா எவ்வளவோ நேரம் சன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எங்கள் பக்கம் திரும்பினார்.

“கூண்டுல நின்னு சொன்னத மாத்த முடியாது. அந்த அர்த்தத்துல சொல்லலன்னு எங்கப்பா கெஞ்சினாவளே, மாத்த விட்டாவளா? இவனுக்கு மட்டும் என்ன தனிச் சட்டம்? ஏலே, ஆமான்னுட்ட. சொன்ன சொல்லு சொன்னதுதான். பிள்ள படிக்கட்டும்.”

அக்கா ஓவென்று அழுதாள். முதல் முறையாகச் சத்தத்தோடு அழுதாள். பெரியப்பா எழுந்துபோய் அவள் தலையில் கையை வைத்து, “கூண்டுல ஏத்துததுக்கு முன்னால சனங்களுக்கு நல்லாச் சொல்லிக் குடுக்கணும், என்ன?” என்றார். அம்மா மக்ரூன் பொட்டலத்தைப் பிரித்தாள். தீர்ப்பு சரியில்லை என்று கடைசி வரை முறுக்கிக்கொண்டிருந்த மீன்கார அக்கா, மீதி மீனை எல்லாம் பெரியம்மா வாங்கிக்கொண்டதும் சமாதானமானார்.

இன்றைக்கு அக்கா கறுப்புக் கோட்டு போட்டுக்கொண்டு கோர்ட்டுக்குப் போகிறாள். சாட்சி சொல்ல வருகிற கிழவர்களைப் பக்கத்தில் உட்கார வைத்து, டீ வாங்கிக் கொடுத்து, கேள்வியும் பதிலுமாகப் பேசிப் பழக்கிவிட்டுத்தான் கூண்டில் ஏற்றுவாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கும். அதெல்லாம் பின்னால் நடந்தது.

அன்றைக்கு எனக்குப் பெருமையாக இல்லை. அக்கா ஜெயித்ததில் சந்தோஷம்தான், ஆனால் அப்பா தோற்றது பொறுக்கவில்லை. அதுவும் தமிழில் தோற்றது. ஊருக்கெல்லாம் இலக்கணம் சொல்லுகிறவர், அம்மா அத்தனை சொல்லியும் கேட்காமல், பச்சைப்பிள்ளை மாதிரி போய் மாட்டிக்கொண்டாரே என்று ஆற்றாமையாக இருந்தது. எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகும் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். யோசிக்க யோசிக்க ஒரு வழி புலப்பட்டது. அப்பா மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தார். மூச்சிரைக்க ஓடினேன்.

“அப்பா! கேசு நடந்தது நம்ம வீட்டுலதான? அப்ப நம்ம ஊரு அர்த்தந்தான செல்லும்? மாட்டியளான்னா, ஆமான்னா, மாட்டேன்னுதான அர்த்தம்? நீங்க தோக்கலப்பா! பெரியப்பாகிட்ட ஓடிப் போய்ச் சொல்லிட்டு வரட்டா?”

அப்பா கையிலிருந்த துணி அத்தனையும் கீழே விழுந்தது. பாய்ந்து வந்து என் வாயைப் பொத்தினார்.

“ஏளா, சத்தம் போடாத. பெரியப்பா இன்னும் பஸ்ஸு ஏறல.”

தோற்றுப்போனதை மறுபடி நாலு பேர் பேசினால் அவருக்கு அவமானமாக இருக்கும்போல என்று எனக்குப் பட்டது. யாரிடமும் மூச்சு விட மாட்டேன் என்று தலையை ஆட்டினேன். இத்தனை வருஷம் தமிழ் சொல்லிக் கொடுத்தும் ஓர் ‘ஆமா’வுக்கு அர்த்தம் தெரியாமல் போய்விட்டதே, பாவம் அப்பா என்று நினைக்க நினைக்க எனக்கு அழுகை அழுகையாக வந்தது.