கண்ணாடி வண்டியை இழுத்த மருமகள்

என் மருமகளுக்குத் தெருவில் வைத்த பெயர் கயிறு. வழியில் நின்றுபோன வண்டிகளைத் தன் ஜீப்பில் கட்டி இழுத்துப் போவதுதான் அவள் தொழில். அவள் ஜீப் வாங்கியபோது, இதெல்லாம் ஒரு வேலையா என்று மூன்று நாள் அவளோடு பேசாமல் இருந்தேன். அது தப்பு என்று இன்றைக்கும் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் கண்ணால் கண்டதை இல்லை என்று சொல்ல முடியுமா?

அன்று பல் டாக்டரிடம் போய்விட்டு இருவரும் ஜீப்பில் திரும்பிக்கொண்டிருந்தோம். மேட்டுச் சாலையில் கண்ணாடிக்காரரின் வேன் நின்றிருந்தது. பள்ளிக்கூடத்து ஜன்னல்களுக்காக ஒரு மாதம் அறுத்த கண்ணாடி அத்தனையும் உள்ளே இருந்தது. இஞ்சின் உயிரை விட்டுவிட்டது.

"ஒரு குலுக்கு குலுக்கினா போதும்மா, என் ஒரு மாச உழைப்பு தூள்," என்றார். முகம் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது.

"என் கையில பாதி, உங்க கால்ல பாதிண்ணே," என்றபடி அவள் கயிற்றைக் கட்டி, நடுவில் சிவப்புத் துணியை முடிந்தாள். "கயிறு தொய்யவே கூடாது. தொய்ஞ்சா அடுத்த நிமிஷம் வெடுக்குன்னு இழுக்கும். நான் கை காட்டினதும் பிரேக்கை மெல்ல அழுத்துங்க. இஞ்சின் ஓடாததால கல்லு மாதிரி இருக்கும், காலை நல்லா ஊனணும். சாவியைத் திருகினபடியே விட்ருங்க. எடுத்தா ஸ்டியரிங் பூட்டிக்கும்."

"நான் வண்டி ஓட்ட ஆரம்பிச்சப்ப நீ பொறந்திருக்கவே மாட்டே!"

"அதனாலதாண்ணே சொல்றேன். பழைய கைக்குப் பழக்கம் ஜாஸ்தி."

ஸ்டியரிங்கை இடமும் வலமும் திருப்பச் சொல்லிப் பார்த்த பிறகுதான் ஜீப்பை எடுத்தாள். நத்தையாய் ஊர்ந்தோம். ரயில்வே கேட் மூடியிருந்தது, நின்றோம். கேட் திறந்ததும் எல்லோரும் கிளம்ப, இவள் மட்டும் இறங்கி வேனிடம் போனாள். நானும் எட்டிப் பார்த்தேன்.

"இன்னொரு தடவை திருப்புங்கண்ணே."

"அதான் பார்த்தாச்சேம்மா! பின்னால ஊரே ஹாரன் அடிக்குது."

பின்னால் நின்ற பஸ்ஸின் டிரைவர் தலையை நீட்டினான். "அக்கா, நடுரோட்டுல கயிறு திரிக்கிறீங்களா?"

"ஆமா தம்பி, உன் வாயைக் கட்டவும் ஒரு முழம் இருக்கு. வேணுமா?"

கண்ணாடிக்காரர் சலித்துக்கொண்டே திருப்பினார். ஸ்டியரிங் அசையவில்லை. சாவி அவர் சட்டைப் பையில் இருந்தது. ஒருமுறை வேன் திருட்டுப்போனதிலிருந்து, வண்டி நின்றால் அவர் கை தானாகச் சாவியை உருவிவிடுமாம். கேட்டைத் தாண்டினால் இறக்கம், அதிலேயே ஒரு வளைவு, வளைவின் ஓரத்தில் பள்ளம். அவர் சாவியைப் பார்த்தார், பள்ளத்தைப் பார்த்தார். சாவியைத் திரும்பப் போட்டுத் திருகினார்.

அவள் திட்டவில்லை. சிவப்புத் துணியில் ஒரு துண்டு கிழித்துச் சாவியில் கட்டினாள். "கை போனா துணி தட்டும். தட்டினா விட்ருங்க."

இறக்கத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு பின்னால் திரும்பிப் பார்த்தேன். வளைவு முழுக்கக் கயிறு கோடு போட்டது போல இருந்தது. சிவப்புத் துணி ஒரு விரற்கடை கூடத் தாழவில்லை. என் பல்வலி போன இடம் தெரியவில்லை.

பள்ளிக்கூட வாசலில் வேனைத் திறந்தார்கள். ஒரு கீறல் இல்லை. கண்ணாடிக்காரர் சீட்டுக்குப் போய்ச் சாவியை நோக்கிக் கையை நீட்டினார். துணி தட்டியது. சட்டென்று கையை இழுத்துக்கொண்டு அவளைப் பார்த்தார்.

"இப்ப எடுக்கலாமாம்மா?"

"இப்ப எடுங்கண்ணே."