பூண்டு இல்லாத வீடு

எங்கள் வீட்டில் பூண்டு கிடையாது. மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்னால் நாங்கள் இருந்த சந்தில் பாதி வீடுகளில் கிடையாது. அதைப் பெரிய பெருமையாக வேறு சொல்லிக்கொள்வோம். என் அண்ணாவை ரத்தக் காட்டேரி பிடித்ததற்கு இதுதான் காரணம் என்று ஒன்பது வயதில் நான் உறுதியாக நம்பினேன்.

காட்டேரி சிங்கப்பூரிலிருந்து வந்தது. லீவுக்கு வந்த பெரியப்பா பிள்ளை, டி.வி.யில் மாட்டி விளையாடும் வீடியோ கேம் பெட்டியை அண்ணாவுக்குக் கொடுத்துவிட்டுப் போனான். அதில் போட எங்களிடம் இருந்தது பர்மா பஜாரில் வாங்கிய ஒரே ஒரு திருட்டு சி.டி. ஒரு பாழடைந்த கோட்டை, கறுப்பு அங்கி போட்ட ஒருவன், அறைக்கு அறை எலும்புக்கூடுகள், வவ்வால்கள். எடுத்த எடுப்பில் கோட்டைக்காரக் காட்டேரி அவனைக் கழுத்தில் கடித்துவிடும். அப்புறம் அவனும் கொஞ்சம் கொஞ்சமாகக் காட்டேரியாகிக்கொண்டே சண்டை போட வேண்டும். ஜெயிக்க ஜெயிக்கப் பலம் கூடும், புதுக் கத்தி கிடைக்கும். டி.வி.யின் மூலையில் ஒரு சிவப்புக் குடுவை இருக்கும். அது குறையக் குறைய அவன் முகம் வெளுக்கும். யாரையாவது பிடித்து ரத்தம் குடித்தால் குடுவை நிரம்பி முகத்தில் களை வரும். குடிக்கப்பட்டவன் தரையில் விழுந்து மறைந்துபோவான். வெயில் விழும் ஜன்னலருகே நின்றால் குடுவை மளமளவென்று இறங்கும். எழுத்தெல்லாம் ஜப்பான் எழுத்து என்பதால் கதையை அண்ணாதான் சொல்லுவான், வாய்க்கு வந்தபடி.

"பூண்டு இருந்தா அது கிட்டயே வராதுடி," என்பான். "நம்மாத்துக்குன்னா ஜம்முனு வரும். இங்கதான் பூண்டே கெடையாதே!"

அண்ணா அப்போதுதான் பிளஸ் டூ பரீட்சை எழுதி முடித்திருந்தான். அந்தக் கோடையில் அவனுக்கு உடம்பு படுத்த ஆரம்பித்தது. என்ன வியாதி என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. கேட்டால், "ரத்தத்துல ஏதோ கம்மி, நீ போய் வெளையாடு" என்பார்கள்.

யாரும் சொல்லாவிட்டால் என்ன, எனக்குக் கண் இருந்தது. அண்ணா சுண்ணாம்பாக வெளுத்தான். வெளியே போகக் கூடாது, கூட்டத்தில் நிற்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். பட்டப்பகலில் அவன் அறை ஜன்னல்களைச் சாத்தித் திரை போட்டார்கள். சாதத்தைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஒரு நாள் காலை பல் தேய்த்துக்கொண்டிருந்தவன் திரும்பியபோது உதடெல்லாம் ரத்தம். என்னைப் பார்த்ததும் அவசரமாகத் துடைத்துக்கொண்டு, "அம்மாட்ட சொல்லாதே," என்றான். நான் சொல்லவில்லை. கேமில் கறுப்பு அங்கிக்காரனும் குடித்து முடித்ததும் அப்படித்தான் வாயைத் துடைத்துக்கொள்வான்.

அவ்வப்போது ரத்தம் ஏற்றுவதற்காக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். இரண்டு நாள் கழித்து அண்ணா கன்னம் சிவந்து, தெம்பாகத் திரும்பி வருவான். கூடப் போன அப்பா, முழங்கை மடிப்பில் பஞ்சு ஒட்டியபடி நாற்காலியில் சாய்ந்துவிடுவார். அடுத்த தடவை மாமா. அதற்கடுத்து அப்பாவின் ஆபீஸ் நண்பர். சந்தேகப்பட இனி என்ன இருக்கிறது? ஆனாலும் அவன் என் பின்னலை இழுப்பதும் என் தட்டிலிருந்து அப்பளத்தைத் திருடுவதும் மாறவில்லை. அண்ணாவை எனக்கு ரொம்பப் பிடிக்கும். அவனைக் கண்டு பயந்ததுதான் அந்தக் கோடையில் எனக்கு நேர்ந்த பெரிய துக்கம்.

ஒரு மத்தியானம் அப்பா சமையலறையில் அம்மாவிடம் தாழ்ந்த குரலில் பேசுவது காதில் விழுந்தது.

"கொழந்தையோடதையும் பாக்கணுங்கறார் டாக்டர். கூடப் பொறந்தவாளோடது சேந்துதுன்னா அவன் பொழைச்சுக்க வழி இருக்காம்."

"சின்னக் கொழந்தைன்னா அவ, தாங்குவாளா?"

"வேற என்ன வழி இருக்கு, சொல்லு."

அண்ணா பிழைத்துக்கொள்வான், சரி. தரையில் விழுந்து மறையப்போவது யார் என்று அவர்கள் இருவரும் பேசவே இல்லை.

எங்கள் மாடியில் ஒரு திருநெல்வேலிக் குடும்பம் குடியிருந்தது. தி.நகரில் அவர்களுக்கு ஜவுளிக்கடை. அந்த வீட்டு அக்கா தாளிக்க ஆரம்பித்தால் அம்மா எங்கள் ஜன்னலைச் சாத்திவிடுவாள். நான் படியேறிப் போய்ப் பூண்டு கேட்டேன்.

"உங்க வீட்டுக்கா? பூண்டா?" கரண்டியோடு திரும்பினாள் அக்கா. "யாருக்கு?"

"அண்ணாவுக்கு. மருந்துக்கு."

அவள் முகம் மாறிவிட்டது. இரண்டு கை நிறைய அள்ளி என் கவுன் மடிப்பில் போட்டாள். "பால்ல வேகவச்சுக் குடுக்கச் சொல்லு, என்ன? தீந்துட்டுன்னா வா. கூச்சப்படாத."

தலையணை உறைக்குள் நாலு, கலர் பென்சில் டப்பாவில் இரண்டு. மீதியை உரித்து நூலில் கோத்து, கவுனுக்குள் மாலையாகப் போட்டுக்கொண்டேன். மூன்றாம் நாள் வீடு நாற ஆரம்பித்தது. எலி செத்துக்கிடக்கிறதோ என்று அம்மா பரணைக் குடைந்தாள். ஒன்றும் கிடைக்காமல் மாடியைத் திட்டிவிட்டு ஊதுவத்தி ஏற்றினாள். அண்ணா கூப்பிட்டால் நான் அறை வாசற்படியிலேயே நின்றுகொண்டேன்.

"உள்ள வாயேண்டி, கேம் பாக்கலியா?"

ஹோம்வொர்க் இருக்கிறது என்றேன், நட்ட நடு மே மாதத்தில். அவன் டி.வி. பக்கம் திரும்பிக்கொண்டான்.

அப்பாவும் அம்மாவும் என்னை ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார்கள். ஊசி போடும்போது என் கையைப் பிடித்துக்கொண்ட ஆயா மூக்கைச் சுளித்தாள்.

"இன்னா பாப்பா, காலைலயே இன்னா துன்னுகினு வந்த? பூண்டு வாசனை தூக்குது!"

அம்மாவுக்கு மானம் போய்விட்டது. "நாங்க பூண்டே சேக்கறதில்லேம்மா," என்றாள் ஆயாவிடம், கெஞ்சுகிற மாதிரி. எடுத்தது ஒரு சின்னக் குழாய் அளவு ரத்தம்தான். அது அவன் ருசி பார்ப்பதற்கு என்று நினைத்தேன். கவுனுக்கு மேலாக மாலையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, என் ரத்தம் அவனுக்குப் பிடிக்கவே கூடாது என்று கற்பகாம்பாளை வேண்டிக்கொண்டேன். அவ்வளவு மனசார அதற்கப்புறம் நான் எதையும் வேண்டிக்கொண்டதில்லை.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து அப்பா மத்தியானமே ஆபீஸிலிருந்து வந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்தில் உட்கார்ந்தார்.

"சேரலையாம்," என்றார் அம்மாவிடம். "கொழந்தையோடது சேரலை."

அம்மா எழுந்து சமையலறைக்குப் போனாள். குழாயில் தண்ணீர் கொட்டும் சத்தம் வெகுநேரம் கேட்டது. அப்பா அண்ணாவின் அறைப் பக்கம் பார்த்தார். எழுந்திருக்கப்போனவர் மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

நான் ஓடினேன். எத்தனையோ நாளுக்கப்புறம் அந்த வாசற்படியைத் தாண்டி அவன் கட்டிலில் ஏறிக் குதித்தேன்.

"அண்ணா, என் ரத்தம் ஒனக்குச் சேராதாம்! இப்பத்தான் அப்பா சொன்னார்!" கவுனுக்குள்ளிருந்து மாலையை இழுத்துக் காட்டினேன். "இதைப் போட்டுண்டுதான் போனேன். இனிமே நீ என்னைக் குடிக்கவே முடியாதே!"

அண்ணா மாலையைப் பார்த்தான். திறந்திருந்த கதவு வழியே கூடத்தில் செருப்போடு உட்கார்ந்திருந்த அப்பாவைப் பார்த்தான். டி.வி.யில் கறுப்பு அங்கிக்காரன் அடிவாங்கிக்கொண்டிருந்தான், அண்ணா பொத்தானை அழுத்தவில்லை.

"அப்பாடா," என்றான் கடைசியில். "தப்பிச்சேடி நீ."

"கோவமா?"

"சீ, போடி. கெட்டிக்காரிதான்." சிரித்தான். நகர்ந்து எனக்கு இடம் விட்டு, கேமை என் கையில் கொடுத்தான். கதை மட்டும் அன்றைக்குச் சொல்லவில்லை.

ஆவணி பிறந்த கையோடு அண்ணா போய்விட்டான். அந்தச் சின்னக் குழாய் ரத்தம் என் எலும்பு மஜ்ஜை அவனுக்குச் சேருமா என்று பார்க்க எடுத்தது என்பதும், அந்த மத்தியானம் அப்பா கூடத்தை விட்டு ஏன் எழுந்திருக்கவில்லை என்பதும் எனக்குப் புரியப் பல வருஷங்கள் ஆயின. பிள்ளையிடம் அதை எப்படிச் சொல்வது என்று அவர் வார்த்தை தேடிக்கொண்டிருந்திருக்கிறார். அதற்குள் நான் போய்ச் சொல்லிவிட்டேன், கட்டிலில் குதித்துக்கொண்டே.