‘போகும்’ என்று சொன்ன நோட்புர்கா

கிரெசென்ஸ் ஊரைவிட்டுப் போனது ஜூன் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. இடுப்புக்குக் கீழே உணர்வற்றுப்போன அவளை வேனில் ஏற்றிக்கொண்டு அவள் அண்ணன் லின்ஸ் நகரத்துக்குக் கிளம்பினான். வழியில் பேண்டு ஊர்வலம் கடந்துபோகும் வரை வேன் நிற்க வேண்டியிருந்தது. மலையேறும் கேபிள் கார் பெட்டி ஒன்றுக்கு அன்றுதான் ஊரின் பனிச்சறுக்கு வீராங்கனை நோட்புர்காவின் பெயரைச் சூட்டினார்கள். மேடையிலிருந்து அவள் கையசைத்தாள். வேனுக்குள் இருந்தவள் திரும்பிப் பார்க்கவில்லை.

இருவரும் ஒரே அணியில் பனிச்சறுக்குப் பந்தயம் ஓடியவர்கள். முதலில் இறங்கி முடிப்பவள், மேலே காத்திருப்பவளுக்கு வாக்கி-டாக்கியில் பாதையின் நிலவரத்தைச் சொல்ல வேண்டும் என்பது அணியின் வழக்கம். அந்த வருடம் ஜனவரிப் பந்தயத்தில் நோட்புர்கா இறங்கி முடித்து முதலிடத்தில் இருந்தாள். மூச்சு இன்னும் அடங்கியிருக்கவில்லை.

"காட்டு வளைவு எப்படி இருக்கு?" என்று மேலிருந்து கிரெசென்ஸ் கேட்டாள்.

"போகும்டீ."

அவ்வளவுதான் சொன்னாள். ஆறிப்போன சூப்பைப் பற்றிக் கேட்டாலும் குடிகாரப் புருஷனைப் பற்றிக் கேட்டாலும் அந்த ஊரில் 'போகும்' என்றுதான் சொல்வார்கள். மோசம், ஆனால் சமாளிக்கலாம் என்று அர்த்தம். வெளியூர்க்காரர்களுக்கோ தாராளமாகப் போகலாம் என்று அர்த்தம். கிரெசென்ஸ் வேகத்தைக் குறைக்காமல் வந்தாள். வளைவில் பனிக்கட்டி கண்ணாடியாக இறுகிக் கிடந்தது. தடுப்பு வலையையும் தாண்டி விழுந்தாள்.

ஊரில் பர்கி என்று கூப்பிடப்படும் நோட்புர்கா வேண்டுமென்றே மறைத்துவிட்டாள் என்று சிலர் முணுமுணுத்தார்கள். அதற்குப் பிறகு நோட்புர்கா இரண்டு உலகக் கோப்பைகள் வென்றாள். நானூறு ரசிகர்கள் மாட்டுமணிகளை ஆட்டியபடி பேருந்துகளில் பின்தொடர்ந்தார்கள். ஒவ்வொரு பந்தயத்துக்கு முன்பும் அவள் வாந்தியெடுத்தாள். இருபத்தொன்பது வயதில் முழங்காலைக் காரணம் காட்டி விலகினாள். பெயர் மட்டும் அவளை விட்டு விலகவில்லை.

ஒரு மதியம் ஊர் விடுதியில் சுற்றுலாப் பயணிகளைக் காட்டி விடுதிக்காரர் வெண்டலின் கூப்பிட்டார். "பர்கி, இங்க வா. இவங்க உன்கூடப் படம் எடுக்கணுமாம்."

"முட்டி வலிக்குது, வெண்டலின்."

"படத்துக்கு முட்டி எதுக்கு? மூஞ்சி போதும். அதுவும் பழசுதான், ஆனா போகும்."

எல்லோரும் சிரித்தார்கள். அவள் வெளியே போய், விறகு அடுக்குக்குப் பின்னால் பனியில் உட்கார்ந்துவிட்டாள். அன்று கிரெசென்ஸிடம் கூட இரண்டு வார்த்தை சொல்லியிருக்கலாமே, ஏன் சொல்லவில்லை? மூச்சிரைப்பா? இல்லை, ஜெயித்துக்கொண்டிருந்த மிதப்பா? யோசிக்க யோசிக்க அவளுக்கே தன்மேல் நம்பிக்கை போயிற்று.

ஜனவரிதோறும் லின்ஸில் இருந்த கிரெசென்ஸுக்கு ஒரு கடிதம் எழுதினாள். 'நான் எதையும் மறைக்கவில்லை. நம்புகிறாயா?' பதில் வரவில்லை. கடிதங்கள் திரும்பியும் வரவில்லை. ஆம் இல்லை என்று ஒரு சொல் வந்தால்கூடத் தூங்கிவிடலாம் என்றிருந்தது.

பத்தொன்பதாம் வருடம் அவள் கைபேசிக்கு கிரெசென்ஸிடமிருந்து ஒரு செய்தி வந்தது:

"பர்கி, நீ சொன்னது எனக்கு நல்லாவே புரிஞ்சுது. நானும் அந்த ஊர்க்காரிதானே. ஆபத்துன்னு தெரிஞ்சேதான் வேகத்தக் குறைக்கல. வேற எப்படியும் உன்னை ஜெயிச்சிருக்க முடியாது. நீ தவிச்சது தெரிஞ்சும் சும்மா இருந்தேன். எனக்கு அது தேவைப்பட்டுச்சு. மன்னிப்புக் கேக்கல. நீயும் என் வாசல்ல வந்து நிக்காத."