செய்தித்தாளைத் தாங்காத சுவர்

உங்கள் வீட்டுக் கூடத்தில் ஒருவர் வேடிக்கையாக ஏதாவது சொன்னால், சமையலறையில் நிற்பவருக்கு அது முழுதாகப் போய்ச் சேர்கிறதா?

இந்தத் தையல்காரருக்குச் சேரவில்லை. பகலெல்லாம் கடையில் மிஷின் மிதித்துவிட்டு வருவார், வந்ததும் அடுப்படி. கணவர் பஸ் கண்டக்டர். அவரும் வேலை முடிந்து வருவார், வந்ததும் நாற்காலி. அன்றைய பயணிகளின் கூத்தை அவர் நடித்துக் காட்ட, மகளும் கொழுந்தனும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நடுவே ஒரு சுவர். கதையின் தலை கேட்டால் வால் கேட்காது. "என்னது? என்னது?" என்று உள்ளிருந்து கத்திக் கத்தி, கொழுந்தன் வாயில் அவர் பெயரே 'என்னது அண்ணி' ஆகிவிட்டது.

"இந்தச் சுவரை எடுத்துடலாம். வீடும் பெருசாத் தெரியும்" என்றார் ஒருநாள்.

"ஐயோ அண்ணி, வீட்டையே தாங்குற சுவர் அது! எடுத்தா கூண்டோட காலி. அப்பாவே சொல்லியிருக்காரு" என்று பதறினார் கொழுந்தன்.

அப்பா சொன்னால்? சொன்னவரின் வயது சுவருக்குப் பலம் தந்துவிடுமா? தையல்காரர் ஸ்டூல் போட்டு ஏறினார். சுவரின் உச்சிக்கும் கூரைக்கும் இடையே மெல்லிய கோடாக ஓர் இடைவெளி. செய்தித்தாளில் ஒரு தாளை அதில் செருகித் தள்ளினார். அது மறுபக்கம் போய்க் கொழுந்தனின் தலையில் குல்லாய் மாதிரி கவிழ்ந்தது.

"வீட்டைத் தாங்குற சுவரு ஒரு பேப்பரைத் தாங்கலையே, தம்பி!"

அதை மட்டும் நம்பி அவர் சம்மட்டி தூக்கிவிடவில்லை. கொத்தனார் வந்தார். கூரையின் பாரமெல்லாம் வெளிச்சுவர்களில்தான் என்று தட்டிப் பார்த்து உறுதி சொன்னார். பிறகுதான் இடித்தார்கள்.

தூசி அடங்கியதும் ஜன்னல் வெளிச்சம் முதன்முறையாக அடுப்புவரை வந்தது. கண்டக்டரோ நாற்காலியில் சாய்ந்து, பழக்கதோஷத்தில், பஸ்ஸின் கடைசி சீட்டுக்குக் கேட்கிற குரலில், "தண்ணி கொண்டா!" என்றார்.

"எதுக்குக் கத்துறீங்க? எதிர்லதான் நிக்கிறேன். பானையும் எதிர்லதான் இருக்கு. ரெண்டு எட்டு."

"எழுந்திருங்கப்பா, உங்க ஸ்டாப் வந்துடுச்சு!" என்றாள் மகள்.

அசடு வழிய எழுந்துபோய்க் குடித்தவர் கையில் வெங்காயத்தைத் திணித்தார் மனைவி. உரித்துக்கொண்டே கண்டக்டர் அன்றைய கதையை ஆரம்பித்தார்: "தூங்கிட்டிருந்த ஆளை எழுப்பி டிக்கெட் கேட்டேன். 'ஏய்யா, வீட்டுக்கே வந்து கேக்குறியா?'ன்னு எரிஞ்சு விழுறாரு!"

முதலில் வெடித்துச் சிரித்தவர் தையல்காரர்தான். வால்வரை கேட்டுவிட்டார்.

இன்று மாலை உங்கள் கூடத்தில் சிரிப்பு எழும்போது, அடுப்படியில் நிற்பது யார் என்று எழுந்துபோய்ப் பாருங்கள். சுவரை இடிக்கக் கொத்தனாரைக் கேளுங்கள். வெங்காயம் உரிக்க யாரையும் கேட்க வேண்டாம், கத்தியை எடுங்கள்.