ஐந்து லீவு ஓடிய கார்

போன ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு நான் கீழக்கரையில் ஒரு ஸ்போர்ட்ஸ் காருக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தேன். ஐம்பத்து நாலு வயது, இடுப்பு வலி, வெள்ளைச் சட்டை... தேவையா இதெல்லாம்?

இந்தப் பக்கத்தை விடாமல் வாசிப்பவர்களுக்கு என் வியாதி தெரியும். ரெண்டே கதவு, ரெண்டே சீட்டு, தரையை ஒட்டிப் போகிற கார் என்றால் எனக்குப் புத்தி வேலை செய்யாது. இதுவரை மூன்று பழைய கார் வாங்கி, மூன்றிலும் ஏமாந்திருக்கிறேன். அதையெல்லாம் இங்கேயே எழுதி நீங்களும் சிரித்தீர்கள். படித்துவிட்டு, பத்திரிகை ஆபீஸில் நம்பர் வாங்கிக் கூப்பிட்டார் ஜமீலா என்கிற பெண்மணி. "எங்க வீட்ல ஒரு கார் நிக்கிது காக்கா. வந்து பாருங்க. புடிச்சிருந்தா எடுத்துக்கங்க." கீழக்கரையில் அண்ணனைக் காக்கா என்பார்கள்.

இந்த முறை ஏமாறக் கூடாது என்று அருளப்பனைக் கூட்டிக்கொண்டு போனேன். பாம்பனில் விசைப்படகு எஞ்சின் பார்க்கிற மெக்கானிக். ஏன், கார் மெக்கானிக் யாரும் கிடைக்கவில்லையா என்பீர்கள். உப்பு இரும்பை என்ன செய்யும் என்பது அருளப்பனுக்குத் தெரிந்த அளவு அவர்களுக்குத் தெரியாது.

காம்பவுண்டுக்குள் தகர ஷெட். அதற்குள் சிவப்பாக நின்றது கார். ஒன்பது வருஷத்து வண்டி என்று சத்தியம் செய்தாலும் நம்ப முடியாது, அப்படி ஒரு பளபளப்பு. ஜமீலாவின் வாப்பா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். காது கேட்காது. பேச்செல்லாம் வாசற்படியில் நின்ற ஜமீலாதான்.

மீட்டரைப் பார்த்தேன். பதினோராயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர்.

ஒன்பது வருஷத்தில் பதினோராயிரமா? எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. மீட்டரைத் திருப்பி வைத்த கார் ஒன்றை வாங்கி அழுதவன் நான். மீட்டர் பொய் சொன்னாலும் காரின் மற்ற இடங்கள் உண்மை பேசிவிடும். பிரேக் பெடல் ரப்பர் தேய்ந்திருக்கிறதா? ஏறி இறங்கும் பக்கம் சீட்டு ஓரம் கிழிந்திருக்கிறதா? ஸ்டியரிங் தோல் வழவழப்பாகிவிட்டதா? ஒன்றுமே இல்லை. டயர்கூட வண்டியோடு வந்த அதே டயர். ரோட்டில் படுகிற பட்டன் தேயவில்லை, பக்கவாட்டில் மட்டும் தகரச் சூட்டில் காய்ந்து வெடித்திருந்தது. மீட்டர் சொன்னது உண்மைதான்.

"ரொம்பக் கம்மியா ஓடியிருக்கேம்மா" என்றேன்.

"அஞ்சு லீவு காக்கா" என்றார் ஜமீலா. "மச்சான் சவுதில இருந்தாக. ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா வருவாக. அந்த ஒரு மாசம் ஓடுனதுதான். சுபுஹு தொழுதுட்டுக் கெளம்புனா பாம்பன் பாலத்துல வெளிச்சம் வந்துரும். அரிச்சல்முனை போயிட்டுத் திரும்பிருவோம். மத்தபடி இங்கனதான் நிக்கிம்."

முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "மச்சான் மௌத்தாயி ஒம்பது மாசம் ஆச்சு. அங்கனயே அடக்கம் பண்ணிட்டாக" என்றார்.

குறைவாக ஓடிய வண்டி என்று உள்ளுக்குள் குதித்துக்கொண்டிருந்தேனே, வெட்கமாக இருந்தது. அந்த மீட்டரில் இருந்தது ஒரு கணவனும் மனைவியும் சேர்ந்து இருந்த நாட்கள். அதுவும் அவ்வளவு கம்மி.

அப்போதுதான் காருக்கு அடியிலிருந்து அருளப்பன் கூப்பிட்டார். "அண்ணே, இங்கன வாங்க."

படுத்தபடி நகர்ந்து உள்ளே போனேன். அருளப்பன் ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் அடிச்சட்டத்தைத் தட்டிக்கொண்டே போனார். டங், டங், டங்... தொப். திருப்பிப் பிடித்து லேசாக ஓர் அழுத்து. முனை உள்ளே போய்விட்டது. அட்டைப் பெட்டி மாதிரி இருந்தது இரும்பு. நாலு இடத்தில் இதே கதை.

"காத்து இவ்வளவு திங்காதுண்ணே" என்றார் காதோரம். "தண்ணி. உப்புத் தண்ணிய அடிச்சுக் கழுவிருக்காக."

வெளியே வந்து சட்டையைத் தட்டிவிட்டு, எப்படிக் கழுவுவீர்கள் என்று மெதுவாகக் கேட்டேன்.

வெள்ளிக்கிழமைதான் கணவருக்கு ஓய்வு நாளாம். ஜும்ஆ முடிந்து அறைக்கு வந்ததும் வீடியோ காலில் வருவார். ஜமீலா போனைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு ஹோஸ் பைப்பைப் பிடிப்பார். "சக்கரத்துக்கு உள்ள அடி, அடியில நல்லா அடி" என்று அங்கிருந்து அவர் சொல்லச் சொல்ல இங்கே கழுவுவது. கடைசியில் பத்து நிமிஷம் எஞ்சினை ஓடவிட்டு அவருக்குச் சத்தத்தைக் கேட்கக் கொடுப்பது. வாரம் தவறாமல்.

"எந்தத் தண்ணிம்மா?"

"போர்த் தண்ணிதான். குடிக்கிறதுக்கே லாரித் தண்ணி வாங்குறோம்."

கீழக்கரை போர்த் தண்ணீரை வாயில் வைத்தவர்களுக்கு அதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

இந்த இடத்தில் விலை பேசத் தெரிந்தவன் என்ன செய்வான்? உதட்டைப் பிதுக்குவான். ஓட்டையைக் காட்டுவான். பாதி விலைக்குக் கேட்பான். சட்டம் இற்றுப்போனதைச் சொல்லாமலும் விட முடியாது. இந்த வண்டியை வேகமாக ஓட்டினால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை. ஆனால் எதனால் இற்றது என்பதை எப்படிச் சொல்வது?

பொய் சொன்னேன். "அடிச்சட்டம் போயிருச்சும்மா. கடல் காத்து. எஞ்சின் மட்டும் நல்லாருக்கு, நீங்க வாராவாரம் ஓடவிட்டதால." கடைசி வாக்கியம் சத்தியமான உண்மை. அருளப்பன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜமீலா என்னையே பார்த்தார்.

"காத்து இல்ல காக்கா. தண்ணிதான். இந்தத் தண்ணிக்கி வீட்டுக் கொழாயே ரெண்டு வருஷம் நிக்கலை, எனக்குத் தெரியாதா? மூணாவது வருஷமே கீழ துரு துருவா உதுந்துச்சு. மச்சான்ட்ட சொல்லல. சொன்னா கழுவாதன்னுருவாக. வெள்ளிக்கெழம அந்த அர மணி நேரமும் இல்லாமப் போயிரும்."

அருளப்பன் ஸ்க்ரூ டிரைவரைத் துடைத்துப் பையில் போட்டார்.

"நீங்க கண்டுபிடிக்காட்டி நானே சொல்லிருப்பேன். குறைய மறைச்சு வித்தா அந்தக் காசு ஹராம். இருக்குறத வச்சு வெலையச் சொல்லுங்க."

அருளப்பன்தான் சொன்னார். எஞ்சின், கண்ணாடி, சீட்டு, கதவு — இதற்கு மட்டும் விலை. கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. ஜமீலா சரி என்றார். நானும் சரி என்றேன். அடிச்சட்டத்தை வெட்டி எடுத்து வேறு வைத்து வெல்டு பண்ண ஒரு வருஷம் ஆகுமாம். நாலாவது கார். வீட்டில் என்ன சொன்னார்கள் என்பதை எழுதினால் எனக்குத்தான் மரியாதைக் குறைவு.

பழைய கார் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று மீட்டர் காட்டிவிடும். எத்தனை நாள் நின்றது என்பதை வீட்டில் இருப்பவர்களிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள முடியும். கேளுங்கள்.

கிளம்பும்போது ஜமீலா ஒரே ஒரு கண்டிஷன் போட்டார். "வெள்ளிக்கெழமைக்கு முன்னாடி எடுத்துட்டுப் போயிருங்க காக்கா. மச்சானுக்காக வீட்டுக்குள்ள இருந்த நாலு மாசம் பத்து நாளு இத்தா முடிஞ்சு வெளிய வந்ததுலருந்து, போன் வராட்டியும் கை தன்னால பைப்பத் தேடுது. நின்னா கழுவிருவேன்."

புதன்கிழமையே லாரியோடு போய் நின்றேன்.