கட்டை விரலுக்கு வந்த வேலை

ஸ்ரீரங்கம் கீழ உத்திர வீதியில் நான் டிசைன் போடும் டிடிபி கடையில், கல்யாணப் பத்திரிகை டைப் அடிப்பவர் ஷரீபா அக்கா. பாலக்கரையிலிருந்து ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் வருவார். எனக்கு எதிர் மேஜை. நான் அதிகம் பேசமாட்டேன், பார்த்துக்கொண்டிருப்பேன்.

தை முகூர்த்தங்கள் நெருங்கிய வாரம், அவருடைய இடது சுண்டுவிரல் மட்டும் விறைத்து நிற்பதைப் பார்த்தேன். எங்கள் ஊர்ப் பத்திரிகையில் ஸ, ஷ, ஜ, ஹ இல்லாத வரி அபூர்வம். ஒவ்வொன்றுக்கும் ஷிஃப்ட் அழுத்த வேண்டும். அக்கா ஷிஃப்டுக்குப் பழக்கியது அந்த ஒரு விரலைத்தான்.

"லக்ஷ்மிகாந்துக்கும் ஜாஹ்னவிக்கும் கல்யாணம். வலி மட்டும் எனக்கு" என்று சிரித்தார். ஆனால் டிபன் பாக்ஸைத் திறக்கச் சொல்லி என்னிடம் நீட்டினார்.

டாக்டர், அந்த விரலுக்கு ஒரு மாதம் ஓய்வு என்றார். முதலாளி சடகோபன் கையைப் பிசைந்தார். "வெள்ளிக்கிழமை வரைக்கும் பாக்கறேம்மா. முடியலேன்னா வேற ஆளைத்தான் உக்கார வைக்கணும்."

அன்று மத்தியானம் ஒருவழியாகக் கேட்டுவிட்டேன். "அக்கா, உங்க இடது கட்டை விரல் சும்மாதானே இருக்கு?"

"அதுக்கும் வேலை பாத்து வச்சிட்டியா தம்பி?"

ஸ்பேஸ் பாருக்குப் பக்கத்தில் யாரும் தொடாத ஆல்ட் கீயை ஷிஃப்டாக மாற்றினேன். விரல் பழைய இடத்துக்கே ஓடும் என்று பழைய ஷிஃப்டை வேலை செய்யாமல் நிறுத்தினேன்.

அப்படியும் ஓடியது. ஷிஃப்ட் விழாவிட்டால் 'ஸ்ரீ' இருக்க வேண்டிய இடத்தில் 'ள' வரும். புதன்கிழமை மாப்பிள்ளை வீட்டுக்குப் போன ப்ரூஃபில் எங்கள் ஊர் 'ளரங்கம்' ஆகியிருந்தது.

"பெருமாள் ஊரையே மாத்திட்டியேம்மா!" சடகோபன் தலையில் கை வைத்தார்.

"பழையபடி மாத்திடவா அக்கா?"

"வேணாம். வீடு மாறினாலும் நாலு நாளைக்குக் கால் பழைய தெருவுக்குத்தான் திரும்பும்."

வெட்டிப்போட்ட வெல்வெட் அட்டையில் ஒரு துணுக்கை எடுத்துப் பழைய ஷிஃப்டின் மேல் ஒட்டினார். சுண்டுவிரல் வெல்வெட்டைத் தொட்டதும் வெட்கப்பட்டுத் திரும்பிவிடும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் ஏழு பத்திரிகைகள் பிழையில்லாமல் போயின. அக்கா கை கழுவப் போன நேரம், அவசரத் திருத்தம் ஒன்றுக்காகச் சடகோபன் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். ள. மறுபடியும் ள.

"ஷரீபா! இங்க வாம்மா!"

"கட்டை விரல் சார்" என்றபடி அக்கா ஈரக் கையோடு வந்தார்.

சடகோபன் தன் கட்டை விரலை ஏதோ விருந்தாளியைப் போலப் பார்த்தார். இன்னொரு ள விழுந்தது. எழுந்துவிட்டார்.

"இதுல வேற யாரை உக்கார வைக்கறது? நீயே உக்காரு."

அக்கா உட்கார்ந்தார். சுண்டுவிரல் வெல்வெட் பக்கமே போகவில்லை.